டிம்மில் வைத்தும் கூசிய ஹெட்லைட்: ஒரு எல்இடி மாற்றத்தின் நிகழ்வு ஆய்வு

வண்டி, எட்டு வருடம் ஓடிய ஒரு சிறிய ஹேட்ச்பேக். ஹெட்லைட் பழைய பாணி: உள்ளே பளபளக்கும் ரிஃப்ளெக்டர், முன்னால் பாலிகார்பனேட் மூடி, டிம்மும் பிரைட்டும் ஒரே பல்பில் சேர்ந்த எச்4. உரிமையாளர் ஐம்பதைத் தாண்டியவர். வேலை முடிந்து பெரும்பாலும் இரவில்தான் திரும்புவார், அதுவும் நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலையில். வெளிச்சம் போதவில்லை என்று அவரே எல்இடி பல்பு வாங்கி மாட்டிக்கொண்டார். மாட்டிய பிறகு வந்த புகார் இது: "நான் டிம்லதான் வச்சிருக்கேன் தம்பி, எதிர்ல வர்றவங்க எல்லாம் லைட்டை அடிச்சு அடிச்சுக் காட்டுறாங்க."

அவருக்குப் புது பல்பு பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பானட்டுக்கு முன்னால் ரோடு வெள்ளை வெளேரென்று தெரிகிறது என்றார். கொஞ்சம் விசாரித்ததும் வேறு இரண்டு குறைகள் வெளியே வந்தன. மழையில் ஒன்றுமே தெரிவதில்லை. ஹெட்லைட் போட்டால் எஃப்எம் ரேடியோ இரைகிறது. மூன்றும் தனித்தனிக் கதை என்று அவர் நினைத்திருந்தார். மூன்றுக்கும் ஒரே பல்புதான் காரணம். அவர் எல்இடிக்குப் போகக் காரணமான பழைய குறை மட்டும் வேறு இடத்தில் இருந்தது.

சுவரில் தெரிந்தது

ஹெட்லைட்டைப் பற்றி என்ன வாதம் வந்தாலும் முதலில் சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்திவிடுவது நல்லது. சமதளத் தரை, வெளிர் நிறச் சுவர், பத்து மீட்டர் தூரம். டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும், ஓட்டுநர் இருக்கையில் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும், விளக்கைத் தாழ்த்தும் திருகு இருந்தால் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். இந்த வண்டியில் விளக்கின் மையம் தரையிலிருந்து 66 செ.மீ. உயரத்தில் இருந்தது. டிம் வெளிச்சத்துக்கு வழக்கமான சரிவு 1 சதவீதம், அதாவது பத்து மீட்டருக்குப் பத்து செ.மீ. இறக்கம். ஆகவே சுவரில் 56 செ.மீ. உயரத்தில் ஒரு கோடு தெரிய வேண்டும். எதிர்வண்டி வரும் பக்கம் அது தட்டையாக இருக்கும். சாலையோரப் பக்கம் ஏறிப் போகும். கோட்டுக்குக் கீழே வெளிச்சம், மேலே ஏறக்குறைய இருட்டு. இதற்குத்தான் கட்-ஆஃப் என்று பெயர்.

ஒரு பக்கப் பல்பின் பின்னால் வயர் செருகியிருக்கும் கப்ளரைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு விளக்காகப் பார்த்தோம். வலது விளக்கில் கோடு என்று ஒன்று இருந்தது, ஆனால் விளிம்பு கரைந்து மேலே கசிந்தது. இடது விளக்கில் நிலைமை மோசம். ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு கோடுகள். அவற்றிலிருந்து விசிறி போல ஒரு ஒளி மேலே எழுந்து, 80 செ.மீ. உயரத்தில் ஒரு திட்டாக நின்றது. விளக்கு இருக்கும் உயரத்தையும் அது தாண்டிவிட்டது. எதிரே வருபவருக்கு அது பிரைட்டாகத்தான் தெரியும்.

கோளாறு விளக்கிலா, பல்பிலா? இரண்டு பல்புகளையும் இடம் மாற்றினோம். விசிறி பல்போடு சேர்ந்து வலது பக்கம் போய்விட்டது. அந்தப் பல்பை வெளியே எடுத்துப் பார்த்தால், மூன்று காதுகள் உள்ள உலோக வளையம் தண்டில் வழுக்கித் திரும்பியிருந்தது. எச்4இன் காதுகள் ஹோல்டரில் ஒரே ஒரு விதமாகத்தான் உட்காரும், அதனால் பழைய இழை பல்பான ஹாலஜனில் இந்தத் தவறு நடக்க வழியே இல்லை. எல்இடியில் வளையம் தனி, தண்டு தனி. பொடி அலென் திருகு ஒன்றுதான் இரண்டையும் பிடித்து நிற்கிறது. ஒளி தரும் பொடித் துண்டுகளான எல்இடி சில்லுகள் சரியாக இடமும் வலமும் பார்க்க வேண்டும். இந்தப் பல்பில் அவை ஏறத்தாழ 20 டிகிரி சாய்ந்திருந்தன.

வளையத்தை நிமிர்த்தி இறுக்கியதும் விசிறி பெரும்பாலும் அடங்கியது. பலர் இந்த இடத்தில் வேலை முடிந்தது என்று பானட்டை மூடிவிடுவார்கள். இரண்டு பக்கமும் விளிம்பு இன்னும் கரைந்தே இருந்தது.

பழைய பல்பைத் திரும்ப மாட்டியபோது

நல்லவேளை, கழற்றிய ஹாலஜனை அவர் தூக்கிப் போடவில்லை. அதை மாட்டியதும் சுவரில் கோடு கத்தி முனை போல விழுந்தது. ஆனால் வெளிச்சம் மங்கல், பழுப்பு. அவர் சொன்ன 'போதவில்லை' உண்மைதான்.

எச்4 ஹாலஜனுக்கு 13.2 வோல்ட்டில் டிம் 1000 லூமென், பிரைட் 1650 லூமென் என்று வரையறை (பல்பு மொத்தமாகத் தரும் ஒளியின் அளவுதான் லூமென்). 15 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். இந்த எண்ணில் முக்கியமானது 13.2 வோல்ட். ஹாலஜனின் வெளிச்சம் வோல்ட்டேஜின் சுமார் 3.4ஆம் அடுக்காக ஏறி இறங்கும், அதனால் சின்ன இழப்பும் பெரிதாகத் தெரியும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் மல்டிமீட்டர் 14 வோல்ட் காட்டியது. விளக்கு எரியும்போதே கப்ளரில் வைத்துப் பார்த்தால் 12.1. மீதி முழுவதும் டேஷ்போர்டு சுவிட்ச், மெல்லிய வயர், துருப்பிடித்த எர்த் முனை என்று வழியிலேயே கரைந்திருந்தது. கணக்குப் போட்டால் வரையறுத்த வெளிச்சத்தில் கால் பங்கு பல்புக்கு வந்து சேரும் முன்பே போய்விட்டது. (பல்பைக் கழற்றிவிட்டு வெறும் கப்ளரில் அளந்தால் இந்த இழப்பு தெரியாது. மின்சாரம் ஓடினால்தான் வயர் வோல்ட்டேஜைத் தின்னும். சும்மா அளந்துவிட்டு 'வயரிங் நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லிவிடுவது அடிக்கடி நடக்கிறது.)

அடுத்தது மூடி. எட்டு வருட வெயிலில் பாலிகார்பனேட் மேல் இருந்த புற ஊதா தடுப்புப் பூச்சு போய், மேல்பாதி மஞ்சள் படிந்திருந்தது. மங்கிய மூடி வெளிச்சத்தைக் குறைப்பதோடு நிற்பதில்லை. உள்ளே வருவதைச் சிதறடித்து, கொஞ்சத்தைக் கோட்டுக்கு மேலேயும் தள்ளிவிடும்.

ஆக நோய் இரண்டு: வயரிங், மூடி. எல்இடி போட்டதால் இரண்டும் தீரவில்லை. எல்இடி பல்புக்குள் இருக்கும் டிரைவர் என்ற மின்சுற்று 12 வோல்ட் வந்தாலும் 14 வந்தாலும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும், மின்சாரமும் குறைவாகவே இழுக்கும். அதனால் வயரிங் கோளாறு கண்ணில் படாமல் போய்விட்டது. மூடிக் கோளாறோ முன்பைவிட மோசமானது, சிதற வெளிச்சம் இப்போது கூடுதலாகக் கிடைத்ததே!

ஒரு மில்லிமீட்டர் செய்யும் வேலை

எல்இடி அதிகப் பிரகாசம், அதனால்தான் கூசுகிறது என்பது பொதுவான நம்பிக்கை. இந்த வண்டியின் பல்பு பெட்டியில் 20,000 லூமென் என்று போட்டிருந்தது. மின்சாரத்தை அளந்தால் ஒரு பல்புக்கு 1.7 ஆம்பியர், அதாவது 24 வாட் அளவு. சூட்டில் எரியும் வெள்ளை எல்இடி ஒரு வாட்டுக்கு 100 லூமென் கொடுக்கிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 2,400தான் வருகிறது. கால் மணி நேரம் எரியவிட்டால் மின்சாரம் 1.3 ஆம்பியருக்கு இறங்கியது. பின்னால் உள்ள ரப்பர் டஸ்ட் கவர், பல்பைக் குளிர்விக்கும் விசிறியை அமுக்கிக்கொண்டிருந்தது. பல்பு சூட்டைத் தாங்க மாட்டாமல் தன்னைத்தானே குறைத்துக்கொண்டது. பெட்டியில் அச்சடித்த லூமென் எண்ணைப் பார்த்துப் பல்பு வாங்குவதில் அர்த்தமே இல்லை.

கூச்சத்துக்குக் காரணம் ஒளி புறப்படும் இடம். ஹாலஜன் எச்4இல் டிம் இழை, ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய தடிமனும் ஐந்து மில்லிமீட்டர் அளவு நீளமும் உள்ள சுருள். அதற்கு அடியில் குழிந்த உலோகக் கிண்ணம் ஒன்று உண்டு. கீழ்நோக்கிப் போகும் ஒளியை அது மறைத்துவிடுவதால் டிம்மில் ரிஃப்ளெக்டரின் மேல்பகுதி மட்டுமே வேலை செய்யும். சுவரில் விழும் கோடு அந்தக் கிண்ண விளிம்பின் பிம்பம். ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு பகுதியும் இழையின் ஒரு பிம்பத்தைச் சாலையில் வீசுகிறது. எல்லாப் பிம்பங்களும் கோட்டுக்குக் கீழே வந்து அடுக்கும்படி அதன் வளைவைக் கணக்கிட்டிருக்கிறார்கள். இழை எங்கே இருக்கும், எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதை வைத்துத்தான் அந்தக் கணக்கே.

இப்போது ஒரு சின்னப் பெருக்கல். ரிஃப்ளெக்டரின் குவியத் தொலைவு 25 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம், கார் விளக்குகளுக்கு இது நியாயமான அளவுதான். ஒளிமூலம் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் பிம்பம் இருபத்தைந்தில் ஒரு பங்கு சாய்ந்து போகும். பத்து மீட்டர் சுவரில் அது 40 செ.மீ. நமக்கு இருக்கும் இடைவெளியோ பத்து செ.மீ. மட்டும்.

நம் பல்பில் சில்லுகள் இரண்டு வரிசையாக, சுமார் மூன்று மில்லிமீட்டர் உயரத்துக்கு இருந்தன. இரண்டு பக்கச் சில்லுகளுக்கு நடுவே சூடு கடத்தும் பலகை நான்கு மில்லிமீட்டர் தடிமன். கிண்ணம் என்ற பெயரில் ஒரு தகட்டு மடிப்பு. இதிலிருந்து கூர்மையான கோடு வருமா?

புரொஜெக்டர் விளக்குகள் கொஞ்சம் தப்பிக்கும். அவற்றில் கோட்டை வரைவது லென்ஸுக்குப் பின்னால் நிற்கும் தனித் தகடு. பல்பு எப்படி இருந்தாலும் கோடு கோடாகவே இருக்கும். ஆனால் வெளிச்சத்தின் நடுத்திட்டு, தொலைவில் விழ வேண்டியது, கலைந்து அகலமாகப் பரவிவிடலாம். கோடு சுத்தமாக இருப்பதால் ஓட்டுபவருக்கு அந்த இழப்பு தெரியாது.

எதிரே வருபவரின் கண்ணில்

சுவர் வடிவத்தைக் காட்டும், அளவைக் காட்டாது. அளவுக்கு, ஹெட்லைட்டுகளுக்கான ஐ.நா. விதிமுறை 112இல் ஒரு புள்ளி இருக்கிறது: விளக்கிலிருந்து 25 மீட்டரில், விளக்கின் உயரத்துக்கு 25 செ.மீ. மேலே, எதிர்வண்டிப் பக்கம் ஒன்றரை மீட்டர் தள்ளி. 50 மீட்டரில் எதிரே வருபவரின் கண் இருக்கும் திசை அது. வழக்கமான ஹாலஜன் விளக்குக்கு அந்த இடத்தில் நெடுங்காலம் இருந்த உச்சவரம்பு 0.4 லக்ஸ் (ஓரிடத்தில் வந்து விழும் ஒளியின் அளவுதான் லக்ஸ்). இரவில் காலியாகக் கிடந்த நீண்ட தளத்தில் லக்ஸ் மீட்டரை அந்த இடத்தில் வைத்தோம். ஆய்வகத் துல்லியம் இதில் வராது. ஆனால் ஒரு பல்பை இன்னொன்றோடு ஒப்பிட இது போதும்.

வந்தபோது இருந்த நிலையில் இடது விளக்கு 3.2 லக்ஸ். வளையத்தை நிமிர்த்திய பிறகு 1.5. வலது 1.3. சரியாக மாட்டியும் வரம்பைப்போல் மூன்று மடங்குக்கு மேல்.

3.2 லக்ஸ் கேட்பதற்குச் சிறிய எண்தான். 50 மீட்டரில் இருக்கும் கண்ணுக்கு அது நான்கில் ஒன்றாகி 0.8 லக்ஸாகும். கண்ணுக்குள் நுழையும் அந்த ஒளி கண்ணின் லென்ஸிலும் மற்ற பகுதிகளிலும் சிதறி, விழித்திரை மேல் வெண்திரை போலப் படியும். இதை மதிப்பிட ஸ்டைல்ஸ்-ஹோலடே சூத்திரம் உண்டு: லக்ஸைப் பத்தால் பெருக்கி, பார்வைக்கும் ஒளிக்கும் இடையிலான கோணத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். கோணம் இங்கே மூன்றரை டிகிரிக்குச் சற்றுக் குறைவு. திரையின் ஒளிர்வு சதுர மீட்டருக்கு 0.7 கேண்டெலா அளவில் வருகிறது. ஹெட்லைட் மட்டும் விழும் தார்ச் சாலையின் ஒளிர்வும் பெரும்பாலும் 1 கேண்டெலாவுக்குக் கீழேதான். அப்படியானால் சாலை எவ்வளவு தெரிகிறதோ ஏறக்குறைய அவ்வளவு பனிமூட்டம் எதிராளியின் கண்ணுக்குள்ளேயே உருவாகிறது. ஓரத்தில் கறுப்பு உடையோடு நடந்து போகிறவர் அதில் மறைந்துவிடுவார். வயதுக்கும் திருத்தம் உண்டு: எழுபது வயதில் இந்தத் திரை இளம் கண்ணில் விழுவதைப்போல் இரண்டு மடங்கு.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே லக்ஸாக இருந்தாலும் நீலம் தூக்கலான 6500 கெல்வின் ஒளி அதிகம் உறுத்துவதாக மக்கள் உணர்கிறார்கள். அது அசௌகரியக் கூச்சம். பார்வையையே மறைக்கும் கூச்சம் நிறத்தை அவ்வளவாகப் பார்ப்பதில்லை, அளவையும் கோணத்தையும்தான் பார்க்கிறது. அதேபோல, மஞ்சள் வெளிச்சம் மழையையும் பனியையும் துளைக்கும் என்று காலம்காலமாகச் சொல்லி வருகிறார்கள். பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது, அது மஞ்சள் நீலம் பார்த்துச் சிதறடிப்பதில்லை. இந்த வண்டியில் மழையில் ஒன்றும் தெரியாமல் போனதற்குக் காரணம், கோட்டுக்கு மேலே கசிந்த ஒளி மழைத்துளிகளில் பட்டு ஓட்டுபவர் கண்ணுக்கே திரும்பியது. பானட்டுக்கு முன்னால் கொட்டிய வெள்ளை வெளிச்சமும் கெடுதல்தான் செய்தது. அருகே பிரகாசமாக இருந்தால் கண் அதற்குப் பழகிக்கொண்டு தொலைவை விட்டுவிடும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில், ஒன்றரை நொடி சுதாரிக்கும் நேரத்தையும் சேர்த்தால், காய்ந்த ரோட்டில் வண்டி நிற்க சுமார் 70 மீட்டர் வேண்டும். வண்டிக்கு முன்னால் பத்து மீட்டர் பளிச்சென்று தெரிந்து என்ன பயன்?

செய்த வேலைகள்

முதலில் மூடி. 800இல் தொடங்கி 3000 வரை வாட்டர் பேப்பர், ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கும் திசையை மாற்றி, தண்ணீர் விட்டுக்கொண்டே. பால் போல வெளுத்து ஓடும் தண்ணீரில் மஞ்சள் போய்விட்டது. கடைசியில் புற ஊதாவைத் தாங்கும் கிளியர் கோட். அதை விட்டுவிட்டு வெறும் பாலிஷோடு நிறுத்தினால் சில மாதங்களில் மறுபடி மஞ்சளாகிவிடும்.

அடுத்து ரிலே, அதாவது சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடித்த வயர் நேராக விளக்குக்கு, பழைய சுவிட்ச் வயர் ரிலேயை இயக்க மட்டும், புது எர்த். எரியும்போது கப்ளரில் 13.5 வோல்ட் வந்தது. 12.1இலிருந்து 13.5க்கு ஏறினால் ஹாலஜனின் வெளிச்சம் 45 சதவீதம் அளவு கூடும், ஒரு பல்பும் மாற்றாமலே. இதற்கு விலையும் உண்டு: வோல்ட்டேஜ் 5 சதவீதம் ஏறினால் ஹாலஜனின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். 13.5 தாங்கக்கூடியதுதான், 14.5 போனால் பல்பு அடிக்கடி போகும். 100/90 வாட் பல்பு போடச் சொல்லிக் கேட்காதீர்கள், கப்ளரும் ரிஃப்ளெக்டரும் வெந்துவிடும்.

அப்புறம் புதிய சாதாரண 60/55 வாட் ஹாலஜன் போட்டு, சுவரில் 56 செ.மீ. கோட்டுக்கு இரண்டு விளக்கையும் திருகிச் சரிசெய்தோம். கூச்சப் புள்ளியில் ஒவ்வொன்றும் 0.3 லக்ஸ். இடது விளக்கால் எதிராளியின் கண்ணில் விழும் திரை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. கோடு சாலையைத் தொடும் இடம் 66 மீட்டர். ரேடியோ இரைச்சலும் நின்றது. எல்இடி டிரைவரின் வேகமான சுவிட்சிங் போதிய வடிகட்டி இல்லாமல் ஆன்டெனாவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாவது எல்இடி

அவருக்கு வெள்ளை வெளிச்ச ஆசை விடவில்லை. சரி, ஒரு நியாயமான சோதனை செய்துவிடலாம் என்று மெல்லிய பலகை உள்ள வேறொரு எல்இடியை எடுத்தோம். ஒற்றை வரிசைச் சில்லுகள், நீளமும் இடமும் ஹாலஜன் இழையை ஒட்டி, பலகை இரண்டு மில்லிமீட்டருக்குள். சுத்தமான மூடி, அதே சுவர், அதே புள்ளி. கோடு கூர்மையாகவே வந்தது. அளவு 0.6 லக்ஸ்: முதல் பல்பில் பாதிக்கும் குறைவு, ஹாலஜனைப்போல் இரண்டு மடங்கு. டிம்மில் சாலை நன்றாகவே தெரிந்தது. பிரைட்டில் மட்டும் தொலைவு ஹாலஜன் அளவுக்கு எட்டவில்லை; நடுத்திட்டு மேலும் கீழுமாகப் பரவிக் கிடந்தது.

இதனால் எல்இடியே கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். தொழிற்சாலையிலிருந்தே எல்இடியோடு வரும் விளக்கில் ரிஃப்ளெக்டரும் லென்ஸும் அந்தச் சில்லுக்காகவே வரைந்தவை, அதை ஹாலஜன் எட்டிப் பிடிக்காது. பல்பை மட்டும் மாற்றுவது வேறு விவகாரம். சட்டங்களும் இதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பிரிட்டனின் வாகனத் தகுதிச் சோதனையில் 2021 தொடக்கத்திலிருந்து ஹாலஜன் விளக்கில் எல்இடி பல்பு இருந்தால் கார் பொதுவாகத் தேறாது. அமெரிக்காவிலும் பல்பை மட்டும் மாற்றக்கூடிய ஹெட்லைட்டுகளுக்கு எல்இடி பல்பு அனுமதியில்லை. ஜெர்மனி 2020இல் ஓஸ்ராமின் எச்7 எல்இடி பல்பை அனுமதித்தது, ஆனால் சோதித்துப் பார்த்த குறிப்பிட்ட கார் மாடல்களுக்கு மட்டும். எனக்கு இதுதான் சரியான அணுகுமுறையாகத் தோன்றுகிறது: பல்பையும் விளக்கையும் ஜோடியாகச் சேர்த்துத்தான் தேற்ற வேண்டும்.

உரிமையாளர் ஹாலஜனோடு ஓட்டிப் பார்க்கிறேன் என்று எடுத்துப் போனார், எல்இடியைத் திரும்பக் கேட்கவில்லை. எதிரே வருபவர்கள் லைட் அடிப்பது நின்றுவிட்டது, ஒரு சந்தர்ப்பம் தவிர. வாரக்கடைசியில் பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கி நிறைய சாமானும் ஏற்றினால் மறுபடி அடிக்கிறார்கள் என்றார். பாரம் ஏற்றிச் சுவரில் பார்த்தபோது பின்பக்கம் அமுங்கி, கோடு 56இலிருந்து 65 செ.மீ.க்கு ஏறியிருந்தது, கிட்டத்தட்ட விளக்கின் உயரத்துக்கே. டேஷ்போர்டில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண் போட்ட ஒரு சின்னத் திருகு, எட்டு வருடமாக யாரும் தொடாமல் இருந்தது. 2இல் வைத்ததும் வலது விளக்கு 56க்கு இறங்கியது. இடது அசையவில்லை, அதன் மோட்டார் முனையில் இருந்த நைலான் குமிழ் உடைந்திருந்தது. அதை மாற்றிய பிறகு இரண்டும் சேர்ந்தே இறங்குகின்றன.